உழைத்துச் சேர்க்கும் சிறுவர்க்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே தையற்கடை நடத்தி வருகிறேன். பதினொரு வயது மகள் என் கடையில் உதவி ஈட்டும் காசை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, உண்டியல், தனியார் வங்கியின் சிறுவர் கணக்கு, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து அஞ்சலகத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய பிறகும் அந்த முடிவில் எனக்கு மாற்றம் இல்லை. குறைகள் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கோடை விடுமுறை வந்ததும் பிள்ளையை லேத் பட்டறையிலோ மெக்கானிக் கடையிலோ விட்டால் தொழில் கற்றுக்கொள்வான் என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 14 வயது நிறையாத பிள்ளையை வெளியாரிடம் வேலைக்கு விடுவது குற்றம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும், பள்ளி நேரம் போக மிஞ்சிய பொழுதிலும் விடுமுறையிலும் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கின்றன. அதிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது, ஓய்வு நீங்கலாக நாளொன்றுக்கு 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தீபாவளி நெருங்கும்போது நள்ளிரவு வரை தையல் ஓடும் என் கடையிலும் மகள் இரவு 7 மணிக்கு முன்பே வேலையை விட்டு எழுந்துவிடுவாள். இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை.

ஜாக்கெட்டுக்கு ஹூக்கு வைப்பதும் சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுவதும் அவள் வேலை. ஒரு ஜாக்கெட்டுக்கு 5 ரூபாய், எளிய குச்சு கட்டிய சேலைக்கு 40 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். குச்சுக்கான பட்டு நூலின் விலையை அதிலிருந்து அவளே கழித்து நோட்டில் எழுதுவாள். வரிசை கோணினால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும், அதற்குத் தனிக் கூலி கிடையாது. வீட்டைப் பெருக்குவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் நான் காசு தருவதில்லை. அவை எல்லோரும் செய்ய வேண்டியவை. வாடிக்கையாளர் கூலி தரும் வேலைக்கு மட்டுமே அவளுக்கும் கூலி.

இப்படி வந்த பணத்துக்கு அஞ்சலகக் கணக்கு பொருந்துவதற்கு முதற்காரணம், 10 வயது நிறைந்த சிறுவர் தம் பெயரில் கணக்குத் தொடங்கித் தாமே இயக்கலாம் என்பதுதான். பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படம் ஆகியவற்றுடன் 500 ரூபாய் இருந்தால் போதும். அதன்பின் 10 ரூபாயைக்கூடக் கட்டலாம், எடுப்பதென்றால் குறைந்தது 50 ரூபாய். பணம் கட்டும் சீட்டில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, எந்தெந்த நோட்டு எத்தனை என்று பிரித்துக் காட்டி, பணம் எடுக்கும் படிவத்தில் முதல் நாள் இட்ட அதே கையெழுத்தை மாறாமல் இட்டு, கவுன்ட்டரில் நின்று பாஸ்புத்தகத்தில் பதிவானதைச் சரிபார்த்து வாங்குவது வரை எல்லாவற்றையும் அவளே செய்கிறாள். கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டிப் பணம் மாறுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த அறிவு வராது என்பது என் உறுதியான கருத்து. கணக்கு எந்தக் கிளையில் இருந்தாலும் கணினி வழி இணைந்த வேறு அஞ்சலகத்திலும் பணம் கட்டலாம் என்பதால், லைனிங் துணி எடுக்கக் கோடவுன் தெருவுக்குப் போகும் சனிக்கிழமையில் ராஜாஜி சாலையில் உள்ள தலைமை அஞ்சலகத்துக்கும் போய்விடுகிறோம். 1884-இல் எழுந்த அந்தச் செங்கல் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது அவளுக்கு அலுப்பதே இல்லை.

குறைகளில் பெரியது வட்டி. ஆண்டுக்கு 4 விழுக்காடு என்பது 1,000 ரூபாய்க்கு 40 ரூபாய். அதுவும் நிதியாண்டின் முடிவில்தான் கணக்கில் ஏறும். மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருப்பு 500 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் அந்த மாதத்துக்கு வட்டியே இல்லை. நிதியாண்டு முடிவில் 500 இல்லாவிட்டால் பராமரிப்புக் கட்டணமாக 50 ரூபாய் பிடிக்கப்படும். பத்து ஜாக்கெட்டுக்கு ஹூக்கு வைத்த கூலி அது. சிறுவர் கணக்குகளுக்காவது இந்தப் பிடித்தத்தை நீக்க வேண்டும். அலுவலக நேரமும் பள்ளி நேரமும் ஒன்றாக இருப்பதால், பிள்ளையே நேரில் போக வேண்டுமென்றால் சனிக்கிழமையோ விடுமுறையோ தவிர வேறு வழியில்லை.

வங்கிகளும் இப்போது இந்த வாய்ப்பைத் தரலாம். 10 வயது நிறைந்தவர்கள் தனியே கணக்குத் தொடங்கி இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவித்தது. வரம்புகளை அந்தந்த வங்கியே வகுத்துக்கொள்ளும். அட்டையும் செயலியும் சிறுவர்க்கு வேண்டும் என்று நினைப்போர் அந்தப் பக்கம் பார்க்கலாம். எனக்கு அவை இந்த வயதில் தேவைப்படவில்லை.

சேமிப்புக் கணக்கோடு ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்பையும் சேர்த்தால்தான் முழுப் பயன் கிடைக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். 60 மாதம் கட்டினால் 6,000 ரூபாய், இப்போதைய 6.7 விழுக்காட்டு வட்டியில் ஏறத்தாழ 7,136 ரூபாயாகத் திரும்பும். எங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஜாக்கெட் வராது; தையிலும் தீபாவளிக்கு முன்பும் கைக்கு ஓய்விருக்காது. ஆனால் தவணை ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும், தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம், தொடர்ந்து நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். ஆகவே ஐப்பசியில் சம்பாதித்ததில் மார்கழித் தவணையை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று மகள் தானாகவே நோட்டில் ஒரு தனிப் பத்தி போட்டிருக்கிறாள். ஐந்தாண்டு நிறையும் முன்பே மூடினால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும் என்பதையும், மூன்றாண்டு ஆகும் வரை மூடவே முடியாது என்பதையும் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு தவணையையும் 15-க்குள் கட்ட வேண்டும்; 16-ஆம் தேதியோ அதன் பிறகோ தொடங்கினால் மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு. கூலி சிறுகச் சிறுக வரும் பிள்ளைகளுக்கு இரண்டாவதே வசதி.