எம்ஜிபி வயரிங்கும் லைட்டும்: சென்னையில் பல மழைக்காலம் ஓட்டிய பிறகு

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள். அங்கே ஆரம்பிக்கக் கூடாது. லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் ஒரு முறையும் பல்பின் பின்பக்கம் ஒரு முறையும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.4 இருக்கும், பல்புக்கு வருவது 10.8 ஆக இருக்கும். டங்ஸ்டன், ஹாலஜன் இரண்டிலுமே வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். வண்டி ஓடும்போது 13.2 வோல்ட் வர வேண்டிய பல்புக்கு 10.8 வந்தால் கிடைப்பது பாதி வெளிச்சம். அந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து பல்பு வாங்கிப் போட்டாலும் அதுவும் பாதிதான் எரியும்.

இங்கே சொல்வது 1967-க்கு முந்தைய மார்க் 1 வண்டியை வைத்து. அதாவது சார்ஜுக்கு டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்), சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. மார்க் 2-விலிருந்து ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் கம்பெனியிலிருந்தே வந்துவிட்டதால் வேலை பாதியாகக் குறையும்.

அந்த ஒன்றரை வோல்ட் எங்கே போகிறது? ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போய், அங்கிருந்து கால் பக்கம் தரையில் இருக்கும் டிம்-பிரைட் ஸ்விட்சுக்கு இறங்கி, பிறகு முன்பக்கம் இருக்கும் புல்லட் கனெக்டர்களைத் தாண்டித்தான் பல்புக்கு வருகிறது. நடுவில் ரிலே (சிறு கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கிடையாது. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸும் கிடையாது. ஐம்பது வருஷம் தாண்டிய பித்தளைக் கான்டாக்ட் ஒவ்வொன்றும் 0.2, 0.3 வோல்ட் தின்கிறது. தரை ஸ்விட்ச் நிலைமை இன்னும் மோசம். மழையில் மேட் நனைந்தால் முதலில் துரு பிடிப்பது அதுதான்.

அளக்கும் முறையைச் சரியாகச் செய்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். லைட் எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலும், மறு முனையை பல்புக்கு வரும் சப்ளை வயரிலும் வையுங்கள். வருவது சப்ளை பக்க இழப்பு, 0.5-க்கு மேல் இருந்தால் கோளாறு அங்கே. பிறகு பல்பின் எர்த் முனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு அளக்கவும். அது 0.2-ஐத் தாண்டக் கூடாது. சென்னை வண்டிகளில் பாதிக்கு மேல் எர்த் பக்கம்தான் தோற்கிறது. பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் நிற்கிற வண்டி என்றால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உப்புக்காற்றில் போல்ட்டுக்குக் கீழே பச்சை படர்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எர்த் வேலை கவர்ச்சியில்லாத வேலை, ஆனால் கொடுத்த காசுக்கு அதிக பலன் தருவது இதுதான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட்டையும் துருவையும் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்த்து, புது லக் வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் பூசவும். தேய்ப்பதற்கு முன் பூசினால் பயனில்லை. முன்பக்கம் இரண்டு லைட்டுக்கும் பொதுவான பழைய எர்த்தை நம்பாமல், ஒவ்வொரு லைட்டிலிருந்தும் 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரை இழுத்து ஒரே எர்த் போல்ட்டில் சேர்க்கவும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பின்னல் பட்டையையும் மறக்கக் கூடாது. அது அறுந்தால் செல்ஃப் மோட்டார் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறி உறை உருகும்.

அடுத்து, பாசிட்டிவ் எர்த்தை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி. எல்இடி, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்டவைப்பது), யூஎஸ்பி சார்ஜர் எதுவும் வேண்டாம் என்றால் அப்படியே விடலாம். ரிலே எந்தப் பக்கத்துக்கும் வேலை செய்யும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் மட்டும் 85, 86 முனைகளை (ரிலே காயிலின் இரண்டு முனைகள்) பார்த்து இணைக்க வேண்டும். மாற்றுவதானால் பேட்டரி வயரைத் திருப்பினால் மட்டும் போதாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடத் தடிமனானது, அதனால் கிளாம்ப்பும் மாற வேண்டும். இக்னிஷன் காயிலில் இருக்கும் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் நடு முனைக்கு நெகட்டிவ் வந்தால்தான் பொறி எளிதாகப் பிறக்கும். வண்டி மாற்றாமலும் ஓடும். ஆனால் சூட்டில் மிஸ் அடிக்கும், ஆள் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் (ஃபீல்டு) டெர்மினலில் சில முறை தொட்டு எடுத்தால் டைனமோ புது திசைக்குப் பழகிவிடும். எலக்ட்ரானிக் டாகோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் அதன் உட்புற இணைப்பையும் மாற்றியாக வேண்டும். மீட்டர் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஹீட்டர் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் இரண்டு வயரை மாற்றினால் போதும்.

இனி ரிலே. நாலு பின் உள்ள 12 வோல்ட் 30 ஆம்ப் ரிலே இரண்டு வேண்டும், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. புதுப்பேட்டையில் ஹோல்டரோடு சேர்த்தே கிடைக்கும். செல்ஃப் சோலனாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்ப் மெயின் ஃபியூஸ் வைக்கவும். அங்கிருந்து இரண்டு ரிலேயின் 30-ஆம் முனைக்கு. பழைய ஹெட்லைட் வயர், அதாவது நீலத்தில் சிவப்புக் கோடு டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், அந்தந்த ரிலேயின் 86-க்கு. 85 எர்த்துக்கு. 87-லிருந்து பல்புக்குப் போகும்போது இடது, வலது, டிம், பிரைட் என்று நாலு தனித்தனி 10 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் வைக்கவும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வைத்தால், ஒரு பக்க வயர் உரசினால்கூட ஓஎம்ஆரில் முழு வேகத்தில் மொத்தமும் இருட்டாகும்.

ரிலேயின் பின்கள் கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தபடி வைத்தால் கழுவும் தண்ணீர் ஹோல்டருக்குள் தேங்கி, ஒரே மழைக்காலத்தில் 87-ஆம் முனை பச்சையாகிவிடும். இந்த மாற்றத்துக்குப் பிறகு டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஹெட்லைட்டுக்கென்று போவது ரிலே காயிலுக்கான கால் ஆம்ப்பிலும் குறைவு. முன்பு போனது பத்து ஆம்ப் அளவுக்கு. அந்தப் பழைய லூகாஸ் ஸ்விட்ச் இன்னும் பல வருஷம் உழைக்கும். அளந்தால் பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கிறது, பல மழைக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது.

ஃபியூஸ் விஷயத்தில் ஒரு ஆபத்தான குழப்பம் உண்டு. பழைய பெட்டியில் இருக்கும் லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப் அளவுதான். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35-ஐப் பார்த்து 35 ஆம்ப் பிளேடு போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும். அந்த இடத்துக்கு 15 ஆம்ப் போதும்.

வயரை ஆட்டோ கேபிளாக மட்டும் வாங்கவும். வீட்டு வயரிங் சுருள் மிச்சமிருக்கிறது என்று அதையே இழுக்கிறவர்கள் உண்டு. அதில் இழைகள் தடிமன், அதிர்வில் லக் பக்கத்தில் ஒடியும். ஆயிலும் பெட்ரோலும் பட்டால் உறை ஊதிவிடும். நிறத்திலும் சமரசம் வேண்டாம். பிரவுன் என்றால் எப்போதும் உயிரோடு இருக்கும் பேட்டரி சப்ளை, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது, ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும் வருவது, சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். இந்த ஒழுங்கு இருக்கும்வரை எந்த எலக்ட்ரீஷியனும் வயரிங் படத்தைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் சிவப்பிலேயே இழுத்த வண்டியை அடுத்து யாரும் தொட மாட்டார்கள்.

லைட் யூனிட்டுக்கு வருவோம். எம்ஜிபி-யில் இருப்பது ஏழு அங்குல வட்ட சீல்டு பீம், அதாவது பல்பும் கண்ணாடியும் ஒன்றாகச் சேர்ந்த யூனிட். ஆம்பாசடருக்கும் பழைய ஜீப்புக்கும் அதே அளவு என்பதால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எச்4 (ஹாலஜன் பல்பைத் தனியாக மாற்றக்கூடிய வகை) கண்ணாடி யூனிட் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு விஷயம் பார்த்து வாங்கவும். ஒன்று, டிம் வெளிச்சத்தின் சரிவு இடப்பக்கம் ஏற வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் சில யூனிட் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது, எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். இரண்டு, பார்க்கிங் பல்புக்கான சிறு துளை. எம்ஜிபி-க்கு ஹெட்லைட்டுக்குக் கீழே தனி பார்க்கிங் லைட் உண்டு, அதனால் துளை தேவையில்லை. துளையுள்ள யூனிட்தான் கிடைத்தது என்றால் ரப்பர் அடைப்பான் போட்டு மூடவும். மூடாமல் விட்டால் ஐப்பசி முடிவதற்குள் ரிஃப்ளெக்டரில் ஈரம் படிந்து வெள்ளிப்பூச்சு கறுக்கும்.

பல்பு 60/55 வாட். 100/90 கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், வாங்க வேண்டாம். ரோட்டுக்கு அங்கீகாரம் கிடையாது, பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், டைனமோவும் தாங்காது. எச்4 எல்இடி பல்பைப் பற்றியும் எங்கள் முடிவு அதுவே. ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்து வளைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி சில்லு வேறு இடத்தில் உட்காருகிறது. பக்கத்தில் பளீரென்று வெள்ளை தெரியும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, எதிரே வருபவர் திட்டுவார். போதாக்குறைக்கு ஃபேன் வைத்த பின்பகுதி எம்ஜிபி-யின் இரும்புக் கிண்ணத்துக்குள் மூச்சுவிட இடமில்லாமல் சூடேறும்.

பின்பக்கம் கதை வேறு. அங்கே எல்இடி நன்றாக உழைக்கிறது. பிரேக் லைட்டுக்கு 21/5 வாட் பல்புக்குப் பதில் சிவப்பு எல்இடி, இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு எல்இடி. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் வெளிறிய ரோஸ் நிறமாகத் தெரியும். பிரேக் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் லைட் ஸ்விட்ச் கரண்டில் கருகித்தான் அடிக்கடி போகும். எல்இடி வந்த பிறகு அதன் சுமை வெகுவாகக் குறைகிறது. விலை மலிந்த எல்இடி-யில் பார்க்கிங்குக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் போதாமல் இருக்கும். பகல் வெயிலில் பத்தடி பின்னால் நின்று பார்த்துவிட்டு வாங்கவும். இண்டிகேட்டரை எல்இடி ஆக்கினால் பழைய ஃப்ளாஷர் சிமிட்டாது, அது பல்பு இழுக்கும் கரண்டில் சூடாகி வேலை செய்வது. எல்இடி-க்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போட்டு, அதன் மூன்றாவது முனைக்கு எர்த் கொடுக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டர் வண்டியில் ஒரே ஒரு பல்பை மட்டும் எல்இடி ஆக்கவே கூடாது: டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு. அதன் 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி வைத்தால் சார்ஜ் ஏறாது, அல்லது ஒரு முறை நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் ஏறும்.

டைனமோவின் கணக்கையும் பார்த்துவிடலாம். சி40 டைனமோ கொடுப்பது உச்சமாக 22 ஆம்ப். ஹெட்லைட் பத்து, காயில் மூன்று நாலு, வைப்பர் இரண்டு மூன்று, பெட்ரோல் பம்ப், பார்க்கிங் லைட் என்று கூட்டினால் மழை இரவில் இருபதை நெருங்கும். ஐட்லிங்கில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. அண்ணா சாலை சிக்னல்களில் நிற்கும் நேரமெல்லாம் பேட்டரிதான் செலவாகும். அதனால்தான் பின்பக்க எல்இடி அழகுக்காக இல்லாமல் தேவையாகிறது. தினமும் இரவில் ஓடும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர்தான் சரி. ஞாயிறு காலை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு டைனமோவை விட்டுவைக்கலாம். மாற்றினால் ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்சை அணைக்கக் கூடாது, ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும்.

சென்னையில் வயரிங்கைக் கொல்வது எலி, வெயில், ஈரம், இந்த வரிசையில். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டியில் எலி முதலில் கடிப்பது இன்ஜின் பக்கம் தொங்கும் வயர். நெளிவுக் குழாய் போட்டால் தாமதமாகும், தடுக்காது. வாராவாரம் வண்டியை எடுத்து ஓட்டுவதுதான் நாங்கள் கண்ட மருந்து. சாதாரண பிவிசி டேப் ஒரே கோடையில் பிசின் கசிந்து அவிழும், துணி டேப் சுற்றவும். இணைப்புகளுக்கு உட்புறம் பசையுள்ள சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். புல்லட் கனெக்டர்களைப் பழைய ரப்பரோடு விடாமல், முன்பக்கம் உள்ள அத்தனையையும் புதிதாக மாற்றவும். விலை அற்பம்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கான 2021 விதிகள் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் மாற்றம் கூடாது என்கின்றன. வயரிங்கை அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் பழைய வயரை எங்கேயும் வெட்டாமல், ரிலேயை கனெக்டர் இருக்கும் இடத்தில் நடுவே செருகுவதுபோல் செய்தால் எந்த நாளும் பழையபடி ஆக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் லைட்டின் குறி பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்தவும். லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் குறித்து, டிம்மின் மேல் விளிம்பு அதற்கு ஏழு எட்டு சென்டிமீட்டர் கீழே விழும்படி மேல் ஸ்க்ரூவைத் திருப்பவும். பக்க ஸ்க்ரூ இடம் வலத்துக்கு. துருப்பிடித்த ஸ்க்ரூவை முந்தின நாளே ஆயிலில் ஊறவிடவும். வலிந்து திருப்பினால் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நட்டு உடையும், அதற்கு லைட் முழுவதையும் மறுபடி கழற்ற வேண்டிவரும்.