பாட்டுக் கருவிக்குள் ஒரு 026 இலக்கம்: ஏழு ஆண்டு அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா காலத்துத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. 026 என்று தொடங்கும் அதன் இலக்கம்தான் சொந்தக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். 2017 முதல் 2023 வரை அந்தத் தொலைபேசி அடித்தபோதெல்லாம், நான் படிப்பித்த மூதூரில் என் சட்டைப்பையிலும் மணி அடித்தது. பையில் இருந்தது கைத்தொலைபேசி அல்ல. பாட்டுக் கேட்கவென்று அக்கா ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்து தந்த ஐபொட் டச். சிம் போடுவதற்கு இடமே இல்லாத கருவி அது.

2015இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை ஐபொட் அது. 16 ஜி.பி., நான்கு அங்குலத் திரை, 88 கிராம் எடை. 2016 ஆடியில் கைக்கு வந்தது. அந்த மாரியில் மூதூர் இறங்குதுறையில் என் கைத்தொலைபேசி கடலுக்குள் விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கப் பணம் இருக்கவில்லை. பையில் ஐபொட்டும், மாணவர்களுக்குக் காணொளி காட்ட வைத்திருந்த, சிம் போட்டால் வைஃபை இணையம் தரும் பொக்கெட் ரவுட்டரும் இருந்தன. இரண்டு கிழமைக்கு இவற்றை வைத்துச் சமாளிப்போம் என்று தொடங்கினேன்.

இப்படிச் செய்ய நினைத்த முதல் ஆள் நானல்ல. 2010இல் சீனாவில் ‘அப்பிள் பீல் 520’ என்ற உறை விற்பனைக்கு வந்தது. சிம்மும் தனிப் பட்டரியும் அந்த உறைக்குள்ளேயே இருந்தன. பழைய ஐபொட்டை அதற்குள் செருகி, மென்பொருள் பூட்டை உடைத்தால் சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் கிடைத்தன. என்னுடையதில் இருந்தது புதிய லைட்னிங் துளை, பழைய உறை அதற்குப் பொருந்தாது. பூட்டை உடைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எனவே சிம் ரவுட்டரில் இருக்கட்டும், குரல் இணையம் வழியாக வரட்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் வைபர் என்ற இணைய அழைப்புச் செயலி. அது சரிபார்ப்பு இலக்கத்தை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பும். அது போய் விழுவது ரவுட்டருக்குள் இருக்கும் சிம்மில். ஐபொட்டின் சஃபாரி உலாவியில் 192.168.8.1 என்று அடித்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், அங்கே செய்திகளுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. வங்கியின் ஓ.டி.பி.யிலிருந்து பாடசாலை அதிபரின் எஸ்.எம்.எஸ். வரைக்கும் ஏழு ஆண்டுகளும் நான் வாசித்தது அந்தப் பக்கத்தில்தான். செய்தி வந்திருப்பதை எந்த ஒலியும் சொல்லாது, நாமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

வைபரில் எல்லோரையும் என்னால் அழைக்க முடிந்தது. ஆனால் என்னை அழைக்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர்தான். சம்பூர்ச் சித்தி, நிலாவெளி மாமா, கோயில் ஐயர், எரிவாயுக் கடைக்காரர் எல்லோரும் 026க்குத்தான் எடுத்தார்கள். அம்மா அதை எடுத்து, “தம்பி பள்ளிக்கூடத்தில், பின்னேரம் எடுங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கருவியிலிருந்து அழைப்பதற்கு வழி பண்ணுவது ஒரு நாள் வேலை. மற்றவர்கள் அறிந்த இலக்கத்தில், அவர்கள் எடுக்கும் நேரத்தில் அது அடிக்க வேண்டும். என் முழு உழைப்பும் போனது அதற்குத்தான். இந்த வேலையில் இறங்க நினைக்கும் எவரும் அங்கிருந்துதான் கணக்குப் போட வேண்டும்.

2017இல் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், பாவித்த பொருட்கள் விற்கும் கடையொன்றில், தொலைபேசி லைனை இணையத்தோடு இணைக்கும், உள்ளங்கை அளவிலான ஒரு அடாப்டர் வாங்கினேன். அதில் தொலைபேசிக்கென இரண்டு துளைகள். எஃப்.எக்ஸ்.எஸ். என்பது தொலைபேசியைச் செருகும் துளை. நம் தொலைபேசிக்கு அது ஒரு சிறு தொலைபேசிப் பரிமாற்றகம் போல நடந்துகொள்ளும். எஃப்.எக்ஸ்.ஓ. என்பது சுவரிலிருந்து வரும் லைனைச் செருகும் துளை. பரிமாற்றகத்துக்கு அது ஒரு தொலைபேசி போலத் தெரியும். இரண்டாவதுதான் எனக்கு வேண்டியது. லைனில் மணி வந்ததும் அடாப்டர் அதை எஸ்.ஐ.பி. என்ற இணையத் தொலைபேசி முறைக்கு மாற்றி, வீட்டு இணையத்தின் வழியே என் ஐபொட்டில் இருந்த லின்போன் என்னும் திறந்தமூலச் செயலிக்கு அனுப்பும். கூடத்துத் தொலைபேசி வழக்கம்போல அடிக்கும், நானும் எடுக்கலாம். வெளியே போகும் அழைப்பும் அதே வழியில் போகும். மூதூரிலிருந்து நான் கதைத்தாலும், மாமா பார்ப்பது வீட்டு இலக்கத்தைத்தான்.

முதல் அழைப்பு சித்தியுடையது. கிண்ணியாப் பாலத்தின் நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளமான பாலம். அதற்கு முன்பு அந்த இடத்தைத் தோணிப் பாதையில் கடந்தவர்கள் நாங்கள். ஐபொட் அடித்தது, எடுத்தேன். “அம்மா எங்கேயடா?” என்று கேட்டார். அம்மா கிணற்றடியில் நிற்பார் என்றேன். நான் வீட்டில் இல்லை என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. வைத்த பிறகு வெகுநேரம் அந்தக் கருவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் மாலையில் வீட்டுக்கு வந்தால், மத்தியானத்திலிருந்து லைன் பிஸியாகவே இருந்ததாக அயலவர் சொன்னார். எங்கள் லைனில், மறுமுனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டதை எஃப்.எக்ஸ்.ஓ. துளை தானாக அறியாது. பிஸி ஒலி விட்டு விட்டுக் கேட்பதைக் கொண்டே அது புரிந்துகொள்ளும். அந்த ஒலியின் அதிர்வெண்ணும், ஒலிக்கும் நேரமும், இடைவெளியும் நாட்டுக்கு நாடு மாறும். என் அடாப்டரில் இருந்தது வேறொரு நாட்டின் கணக்கு. நம் பிஸி ஒலி அதன் காதில் ஏறாமல், ஆள் போன பிறகும் லைனைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒலியைக் கணினியில் பதிந்து, அளந்து, அந்த எண்களை அடாப்டரின் பக்கத்தில் எழுதிய பிறகு கோளாறு நின்றது. இதில் இரண்டு சனி, ஞாயிறுகள் போயின.

அடுத்தது எதிரொலி. வீட்டு லைன் இரண்டே செப்புக் கம்பி. போகும் குரலும் வரும் குரலும் ஒரே கம்பிச் சோடியில்தான் ஓடும். அதை அடாப்டர் இரண்டாகப் பிரிக்கும்போது கொஞ்சம் குரல் திரும்பி வரும். சாதாரணத் தொலைபேசியில் அது உடனே வருவதால் காது கண்டுகொள்ளாது. இணையத்தில் தாமதம் சேர்ந்ததும் நம் சொல் நமக்கே பின்னால் கேட்கும். அடாப்டரில் லைனின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அமைப்பை மாற்றி, ஒலி அளவை இரண்டு படி குறைத்ததும் பெரும்பாலும் அடங்கியது. முழுதாக ஒருநாளும் போகவில்லை.

டேட்டாச் செலவு பலரையும் யோசிக்க வைக்கும். ஜி.711 என்ற பழைய குரல் முறை ஒரு திசைக்கு நொடிக்கு 64 கிலோபிட் எடுக்கும். குரலைச் சுமக்கும் இணையப் பொட்டலங்களின் தலைப்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 87. இரு திசைக்கும் கணக்கிட்டால் ஒரு நிமிடப் பேச்சு சுமார் 1.3 எம்.பி. நாளுக்கு இருபது நிமிடம் கதைத்தாலும் 26 எம்.பி.தான். காணொளி பார்ப்பவருக்கு இது ஒன்றுமேயில்லை. ரீலோட் காசைவிட நான் அதிகம் கவலைப்பட்டது ரவுட்டரின் பட்டரியைப் பற்றித்தான். நாள் முழுதும் அது விழித்திருக்க வேண்டும். வைஃபை தானாக உறங்கும் அமைப்பை நிறுத்தினேன். பத்து மணிக்குப் பிறகு ஆசிரியர் அறையில் சார்ஜ் போட்டால்தான் பின்னேர பஸ் வரைக்கும் தாங்கியது. ஐபொட்டின் பட்டரியும் 1043 எம்.ஏ.எச். மட்டுமே. இரண்டு கருவியையும் சுமந்து இரண்டுக்கும் சார்ஜ் தேடுவது இந்த முறையின் மிகப் பெரிய தொல்லை. கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு அந்த அலுப்பு புரியாது.

ஐபொட் காதில் வைத்துக் கதைப்பதற்குச் செய்த கருவி அல்ல. காதுப்பக்க ஒலிபெருக்கி அதில் கிடையாது. கீழே இருக்கும் ஒலிபெருக்கியில் கதைத்தால் பஸ் முழுக்க நம் வீட்டுக் கதை கேட்கும். கூட வந்த இயர்போனில் மைக் இல்லை. மைக் பின்புறத்தில், கமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இயர்போனைக் காதில் மாட்டி, ஐபொட்டின் முதுகை வாய்க்கு நேரே பிடித்துக் கதைப்பேன். உப்புவெளிக் கடற்கரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் எதிரில் இருப்பவருக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. பிறகு மைக் உள்ள இயர்போன் ஒன்று வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது.

அதிர்வு மோட்டாரும் அதில் இல்லை. வகுப்பில் ஒலியை நிறுத்தினால் அழைப்பு வந்ததே தெரியாது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரட்ரிக் கோட்டை வாசலிலேயே ஒலியை நிறுத்திவிடுவேன். இறங்கி வரும்போது, மான்கள் நிற்கும் மரத்தடியில் நின்று தவறிய அழைப்புகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 2016 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 10, செயலிகளின் அழைப்பையும் முழுத்திரையில் உண்மையான அழைப்பைப் போலக் காட்ட இடம் கொடுத்தது. அந்த ஒரு மாற்றம் இல்லையென்றால் இந்த முறையை ஒரு வருடத்திலேயே கைவிட்டிருப்பேன்.

2018 மார்ச்சில் நாட்டில் முகநூல், வைபர், வட்ஸ்அப் ஆகியவற்றைத் தடை செய்தார்கள். பிள்ளைகளோடு கதைக்க வழியில்லாமல் அயலில் பலர் தவித்தார்கள். என் எஸ்.ஐ.பி. வழி அந்தத் தடைக்குள் அகப்படவில்லை. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மறுபடியும் தடை வந்தது. அன்றைக்கு ரொறன்ரோவிலிருந்து அக்கா 026க்கு எடுத்தார். நான் வெளியில் நின்றே எடுத்தேன். “எல்லோரும் இருக்கிறீர்களா?” என்ற அந்தக் கேள்வியை உடனே கேட்கவும் உடனே பதில் சொல்லவும் முடிந்தது. இவ்வளவு பாடுபட்டதற்கு அந்த ஓர் அழைப்பே எனக்குப் போதும்.

ஆனால் 2022 தை மாதம் கிண்ணியாவுக்கு அருகில் பஸ்ஸில் ஒரு முதியவர் மயங்கி விழுந்தார். நான் ஐபொட்டை எடுத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைத்தேன். அழைப்பு போனது வீட்டு லைனால், உப்புவெளி இலக்கத்திலிருந்து. நான் நிற்பதோ கிண்ணியாவில். அதை விளங்கப்படுத்தத் தொடங்கும் முன்னே குரல் அறுந்துவிட்டது. நடத்துநர் தன் கைத்தொலைபேசியில் எடுத்து, ஒரு நிமிடத்தில் இடத்தைச் சொல்லி முடித்தார். முதியவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கிழமையே பொத்தான் வைத்த ஒரு சாதாரணக் கைத்தொலைபேசி வாங்கிப் பையில் போட்டேன். இணையவழித் தொலைபேசியை மட்டும் நம்பி வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. மின்சாரம் நின்றதும் வீட்டு ரவுட்டரும் அடாப்டரும் ஒன்றாக அணைந்தன. மூதூரில் என் ஐபொட் ஊமையானது. கூடத்தில் அப்பாவின் தொலைபேசி மட்டும் பரிமாற்றகத்திலிருந்து செப்புக் கம்பியில் வரும் மின்சாரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு 12 வோல்ட் பட்டரி ஒன்றை வைத்து ரவுட்டரையும் அடாப்டரையும் நாலைந்து மணி நேரம் ஓடவிட்டேன். மிச்ச நேரத்துக்கு அம்மாதான் எடுத்தார்.

ஐபொட் டச் உற்பத்தியை 2022 மே 10ஆம் திகதி நிறுத்துவதாக அப்பிள் அறிவித்தது. ஆறாம் தலைமுறை ஐஓஎஸ் 12க்கு மேல் போகாது. 2023இல் வங்கிச் செயலி நின்றது. அதே ஆண்டு பட்டரி வீங்கி, திரையின் ஒரு மூலை எழும்பியது. வீங்கிய பட்டரியை அப்படியே வைத்துச் சார்ஜ் போடுவது ஆபத்து. நகரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் பட்டரியை மாற்றினேன். பட்டரி மாறினாலும் வெளியில் கொண்டு திரிவது இனிச் சரிவராது என்று, கடைசியில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன்.

இன்றைக்கு இதற்கென்று ஒரு பழைய ஐபொட்டைத் தேடி வாங்க வேண்டாம். சிம் இல்லாத பழைய கைத்தொலைபேசியே காது ஒலிபெருக்கியோடும் அதிர்வோடும் கிடைக்கிறது. அதே செயலியும் அதே அடாப்டரும் அதில் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் 026 லைனை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

ஐபொட் இப்போது சமையலறைச் சுவரில், சார்ஜரோடு மாட்டியிருக்கிறது. திரை அணையாதபடி வைத்து, லின்போனை எப்போதும் திறந்தே விட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, கூடத்துக்கு ஓட முடியாது. அடுப்படியில் நின்றபடியே பச்சைப் பொத்தானைத் தொட்டு, ஒலிபெருக்கியில் சித்தியோடு கதைக்கிறார். வீடு முழுக்கக் கேட்கிறது.