மூன்றே மூன்று படி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்பே சென்னையில் அந்த ஓட்டலுக்கு இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டேன். "வீல்சேர் உள்ளே வருமா?" "தாராளமா வரும் மேடம்." போய் இறங்கினால் வாசலில் மூன்று படி, வழவழவென்று கிரானைட்டில்.

"மூணு படிதானே அக்கா, தூக்கிடலாம்" என்று வாசல் காவலுக்கு நின்ற பையன்கள் இருவர் ஓடி வந்தார்கள். கைப்பிடி கழன்று வரும், கீழே சட்டத்தைப் பிடியுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பக்கக் கைப்பிடி ஒருவர் கையோடு போய்விட்டது. நாற்காலி சாய்ந்தது. அண்ணன் மகன் பாய்ந்து தோளைக் கொடுத்துத் தாங்கினான். அடியில்லை, ஆனால் அறைக்குப் போன பிறகும் எனக்குக் கை நடுங்கியது. அங்கே குளியலறைக் கதவு 24 அங்குலம், என் நாற்காலி 25.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. நான்கு நாளும் முகம் சுளிக்காமல் தூக்கினார்கள். ஆனால் சிங்கப்பூரில் யாரும் என்னைத் தூக்க வேண்டியதே வந்ததில்லை. பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து கதவருகே மடித்திருக்கும் பலகையை விரித்துவிடுவார், நானே ஏறிக்கொள்வேன். இங்கே வெளியே போய் ஒரு டீ குடிக்கவும் இரண்டு ஆள் வேண்டும். டீயே வேண்டாம் என்று அறையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று, தனியாரையும் சேர்த்துத்தான். படிக்கு ஆறு அங்குலம், மூன்றுக்கு 18. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்ற கணக்கில் 18 அடிச் சாய்தளம் போதும். கார் நிறுத்துமிடத்தில் அதற்கு இடம் காலியாகக் கிடந்தது!

கடைசி நாள் மெரினா. போலியோ வந்த காலோடு அப்பா தோளில் உட்கார்ந்து அலை பார்த்தவள் நான். அவர் போன பிறகு சாலையோரம் காரில் இருந்தபடியே பார்ப்பேன், மணலில் சக்கரம் புதையும். 2022-இல் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 263 மீட்டர். "தள்ளட்டுமா அத்தை?" என்றான். வேண்டாம்டா என்றேன். பலகை இடுக்கில் மணல் கரகரக்க, நானே தள்ளிக்கொண்டு கடைசிவரை போனேன். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ரொம்ப நேரம் திரும்ப மனமில்லை.

ஓட்டலுக்கு வந்தபோது பையன்கள் படியில் தயாராக நின்றார்கள். சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்கினார்கள்.