1,34,000 கி.மீ ஓடிய டீசல் ஸ்விஃப்ட்: வாங்கி நாலு வருஷம் ஆச்சு

போன வாரம் மச்சான் ஒரு கார் படம் அனுப்பியிருந்தான். 2014 மாடல், ஸ்விஃப்ட் டீசல், ரெண்டாவது ஓனர், "விலை பேசிக்கலாம்". கீழே ஒரே வரி: "மாப்ள, வாங்கலாமா?" அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுகொண்டே போனதால் எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பதும் டீசல் ஸ்விஃப்ட்தான், 2012 விடிஐ. 2021 செப்டம்பரில் 2,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் அப்போது 1,34,000. இன்று 1,98,000. இதற்குள் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின்தான், உரிமம் வாங்கி மாருதி இங்கேயே தயாரித்தது. டாடா, ஃபியட், மாருதி என்று பல கம்பெனி வண்டிகளில் இதே இன்ஜின் ஓடியதால் "இந்தியாவின் தேசிய இன்ஜின்" என்று கிண்டலாகச் சொல்வார்கள். 1248 சிசி, 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனாலும் நாமக்கல் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த இன்ஜினைப் பிரித்து மாட்டிய கை ஒன்று இருக்கும். நான் துணிந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

அந்த 2000 ஆர்பிஎம் என்ற எண்ணை மச்சான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இது வேறு வண்டி. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல்முறை ஏறியபோது ஏழாவது எட்டாவது வளைவிலேயே வியர்த்துவிட்டது. செகண்ட் கியரில் வளைவுக்குள் நுழைந்தால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தூங்கிப்போய், மிதித்தாலும் வண்டி முனகிக்கொண்டு நிற்கும். பின்னால் பஸ்காரர் ஹாரன். அடுத்த நொடி டர்போ விழித்து ஒரே தள்ளாகத் தள்ளும். வளைவுக்கு முன்பே ஃபர்ஸ்ட்டுக்கு இறக்கிவிடப் பழகிய பிறகு பிரச்சினை இல்லை. பைபாஸில் 80-லிருந்து 110-க்கு அந்தச் சின்ன விசிலோடு ஏறும் சுகத்துக்காக இதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

இனி செலவுக் கதை. வாங்கிய முதல் மாதமே காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைந்தது. கருப்புப் புகை என்றால் பெரும்பாலும் காற்று போதவில்லை என்று அர்த்தம், எங்கேயோ ஹோஸ் கிழிந்திருக்கலாம், சில ஆயிரத்தில் முடியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பட்டறை அண்ணன், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றிச் சாய்த்தார். லேசான ஈரம் இருந்தால் பரவாயில்லையாம். இதில் ஆயில் ஒழுகியது. பிறகு டர்போவின் வாயில் விரலை விட்டுச் சின்ன விசிறியை ஆட்டினார். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆடவே கூடாது. என்னுடையது இரண்டு பக்கமும் தாராளமாக ஆடியது.

"தம்பி, இது தானாச் செத்த டர்போ இல்லீங்க. பட்டினி போட்டுக் கொன்னுருக்காங்க" என்றார்.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். முந்தைய ஓனர் ஆயில் மாற்றாமலே இருபதாயிரம் வரை ஓட்டியிருக்கிறார் என்பது பிறகு சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. கெட்டியான ஆயில் தார் மாதிரி இறுகி, டர்போவுக்கு ஆயில் போகும் ஒல்லிப் பைப்பை அடைத்துவிட்டது. கம்பெனியையோ இன்ஜினையோ குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாங்கும் முன்பே அந்த ரெக்கார்டைக் கேட்காதது என் மடத்தனம்.

புது டர்போ போடவில்லை, உள்ளே அச்சும் விசிறியும் சேர்ந்திருக்கும் கோர் மட்டும் மாற்றினோம். கூலியோடு 14,500. ஆயில் பைப்பையும் மாற்றி, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். அடைப்பை விட்டுவிட்டுக் கோரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே பட்டினியில் போய்விடும். அப்படி ரெண்டு முறை செலவு செய்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் அவர் சொல்லிக்கொடுத்தார். டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் முழுசாகப் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தானாக ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பி எடுத்தாலும் நிற்காது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அணைக்க வேண்டுமாம். எனக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை, வாய்க்கவும் வேண்டாம்.

மற்றவை சாதாரணம்: கிளட்ச் 11,000, நாலு டயர் 16,800, சஸ்பென்ஷன் 9,000, பேட்டரி 5,200, ஹோஸ் 1,800. டர்போவோடு சேர்த்து 58,300, அதுவும் பெரும்பாலும் முதல் 14 மாதங்களில். அதன் பிறகு 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர், அவ்வளவுதான். பைபாஸில் விரட்டி வந்தால், டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

மைலேஜ் கம்பெனி கணக்கில் 22.9. எனக்கு ஊருக்குள் 17, பைபாஸில் 21. சராசரி 19 என்று வைத்து, டீசல் 92, பெட்ரோல் 101 என்று போட்டுப் பார்த்தேன். வருஷம் 16,000 ஓட்டும் எனக்கு, 15 கொடுக்கும் பெட்ரோல் வண்டியைவிட முப்பதாயிரம் மிச்சம். ரிப்பேரில் போனது போகவும் கையில் நிற்கிறது. மச்சான் வருஷம் ஆறாயிரம் தாண்ட மாட்டான். அவனுக்கு மிச்சம் பதினோராயிரம்தான், ஒரு டர்போ கோர் வேலை அதை விழுங்கிவிடும். 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை இடைவெளி இன்று இல்லை என்பதை இன்னும் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

விலை ரொம்பவே குறைவாக இருந்தால் எந்த ஊரில் பதிவான வண்டி என்று ஆர்சியைப் பாருங்கள். பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து அங்கிருந்து நிறைய வண்டிகள் தெற்கே வந்தன. அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி), இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்ந்தால் மலிவு மலிவாக இருக்காது. உள்ளூர் வண்டிக்கும் 15 வருஷத்தில் ஆர்சி புதுப்பிக்க 5,000 கட்டணம், எஃப்சி எனும் தகுதிச் சான்று. என் வண்டிக்கு அது 2027-ல் வருகிறது. புதுப்பித்து வைத்துக்கொள்வதாகத்தான் எண்ணம்.

இவ்வளவும் சொல்லியும் மச்சானுக்கு ஆசை விடவில்லை. சரி, போய்ப் பார், ஆனால் நீ போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடு, குளிர்ந்த இன்ஜினில்தான் புகையும் இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் சங்கிலியின் சத்தமும் தெரியும், போனதும் பானட்டில் கை வை என்றேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் போயிருக்கிறான். பானட் சுட்டதாம். "இப்பத்தான் பால் வாங்கப் போயிட்டு வந்தோம்" என்றார்களாம். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.