எக்ஸ்பி, விண்டோஸ் 7, விண்டோஸ் 11: ஒரே கடையில் நாலு வருடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, வண்டிக்கு ஸ்டிக்கர் கட்டிங். கம்ப்யூட்டர் மூன்று. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷினுக்கு, விண்டோஸ் எக்ஸ்பிக்கு மேல் டிரைவர் (அதை இயக்கும் சாஃப்ட்வேர்) வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டில் பேஜ்மேக்கரில் செய்த பழைய பத்திரிகைகள் எல்லாம் விண்டோஸ் 7-இல் இருக்கின்றன. புது வேலைக்கு விண்டோஸ் 11. எதையும் தூக்கிப் போட முடியாது.

முதலில் பென் டிரைவில்தான் மாற்றிக்கொண்டிருந்தோம். ஷார்ட்கட் வைரஸ் வந்து ஃபோல்டர்கள் காணாமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவருடைய பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைத் திருத்தினோம். திருத்திய ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தது, திருத்தாதது பென் டிரைவில் இருந்தது. பிரிண்டுக்குப் போனது பென் டிரைவில் இருந்ததுதான். 300 பத்திரிகையை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். ஃபைல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

நெட்வொர்க்கில் ஷேர் செய்யப் போனால் எக்ஸ்பியும் புதுக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளவே இல்லை. காரணம் எளிது. ஃபைல் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் பதிப்பு மட்டும். விண்டோஸ் 7 பேசுவது 2.1, விண்டோஸ் 10-உம் 11-உம் 3.1.1. விண்டோஸ் 10-இல் 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 வருவதில்லை.

சர்வீஸுக்கு வந்த தம்பி புதுக் கம்ப்யூட்டரில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிட்டார். உடனே வேலை செய்தது. ஆனால் 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். நம்பிக் கொடுத்தவர்களின் ஆதார் நகல், பட்டா, பத்திரம் எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலமே மூடிவிட்டேன்.

அப்புறம் செய்ததுதான் இன்றுவரை நிற்கிறது. ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கோர் 2 டுயோவில் டெபியன் லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா என்ற சாஃப்ட்வேரை நிறுவினேன். சாம்பா எக்ஸ்பியிடம் அதன் பாஷையிலும் விண்டோஸ் 11-இடம் அதன் பாஷையிலும் பேசும். 2019-இல் வந்த 4.11 முதல் அதிலும் எஸ்எம்பி1 மூடியே வரும். செட்டிங் ஃபைலில் குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 (எஸ்எம்பி1-க்கு அங்கே அதுதான் பெயர்) என்று நாமே எழுத வேண்டும்.

எழுதியும் எக்ஸ்பி உள்ளே போகவில்லை. "அண்ணே, பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன், திரும்பத் திரும்பக் கேக்குது" என்றான் கடைப் பையன். அவன் மேல் தப்பில்லை. எக்ஸ்பி பாஸ்வேர்டைப் பழைய என்டிஎல்எம் முறையில் அனுப்புகிறது, சாம்பா அதன் இரண்டாம் பதிப்பான என்டிஎல்எம்வி2-ஐத்தான் ஏற்கும். எக்ஸ்பி புரொஃபஷனலில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசிக்குள் போய், லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவலை என்டிஎல்எம்வி2 மட்டும் என்று மாற்றியதும் ஃபோல்டர் திறந்தது. இரண்டு நாள் இதற்கே போனது.

இன்னொன்றும் செய்தேன். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் ஐபியை நிலையாகப் போட்டு, வெளியே போகும் வழியைக் குறிக்கும் டிஃபால்ட் கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டேன். கடைக்குள் பேசும், இன்டர்நெட்டுக்குப் போகாது. எக்ஸ்பிக்கு 2014-இலும் விண்டோஸ் 7-க்கு 2020-இலும் அப்டேட் நின்றுவிட்டதால் இது கட்டாயம் என்பேன். நடுவில் இருக்கும் ஃபோல்டருக்கு வெட்ட வேண்டிய ஃபைலும் பத்திரிகையும்தான் போகும். ஆதார் நகல் போகாது.

நாலு வருடத்தில் பெரிய தடங்கல் ஒன்றுதான். பத்திரிகை ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாகத் திறந்து வைத்திருந்தேன். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்புக்கு மாறியதும் அது திறக்கவில்லை. அந்தப் பதிப்பு எஸ்எம்பி சைனிங்கை, அதாவது வரும் தகவல் நடுவில் மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரையை, கட்டாயமாகக் கேட்கிறது, கெஸ்ட் லாகினில் சைனிங் நடக்காது. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்ததும் சரியாகிவிட்டது. முதலிலேயே அப்படி வைத்திருக்க வேண்டும்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் எக்ஸ்பியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ரீஜனல் செட்டிங்கில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் ஆதரவை நிறுவினால் லதா ஃபான்ட்டில் ஒழுங்காக வரும், அதற்கு எக்ஸ்பி சிடி கையில் வேண்டும்.

அந்த லினக்ஸ் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை, சுவரில் உயரமாகப் பலகை அடித்து வைத்திருக்கிறேன். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரன் எவனும் அப்படித்தான் வைப்பான். சனிக்கிழமை கடை மூடும் முன் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். பிளாட்டர் என்றைக்கு ஓயுமோ அன்றைக்கே எக்ஸ்பியின் கேபிளைக் கழற்றிவிட்டு, சாம்பாவில் அந்த என்டி1 வரியையும் அழித்துவிடுவேன்.