மூன்றில் ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்தது: அக்கா 2.6க்கு மாறிய எங்கள் அனுபவம்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் வழித்தடங்களில் பார்சல் ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை, பாளையங்கோட்டையில் ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு 2018 முதல் பராமரித்து வருகிறது. ஒவ்வொரு பார்சலுக்கும் ஓர் ஆக்டர் (தன் நிலையைத் தானே வைத்துக்கொண்டு, செய்திகள் வழியாக மட்டும் பேசும் சிறு நிரல் அலகு), அந்த ஆக்டர்கள் மூன்று சர்வர்களில் பரவியிருக்கும் ஒரு கிளஸ்டர், அவற்றைத் தாங்கும் லைப்ரரியாக அக்கா என்பதே அதன் அமைப்பு. லைப்ரரியின் பெயர் வடக்கு சுவீடனில் உள்ள ஒரு மலையின் பெயர்தான். ஆனால் ஒரு நள்ளிரவில் நான் தொலைபேசியில் “அக்கா விழுந்துட்டு” என்று சொன்னதைக் கேட்டு, “ஏல, எந்த அக்காவுக்கு என்னல ஆச்சு?” என்று அம்மா பதறி எழுந்து வந்தது எங்கள் வீட்டில் இன்றும் பேச்சாக இருக்கிறது.

2021இல் 2.5 தொடரிலிருந்து 2.6க்கு மாறினோம். சர்வர்களுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் பகுதி, பழைய ரிமோட்டிங்கிலிருந்து புதிய ஆர்ட்டரிக்கு மாறும்போது சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்ற முடியாது என்பதால், ஒரு ஞாயிறு இரவு மூன்றையும் நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். இயல்பான போர்ட் 2552இலிருந்து 25520 ஆகியிருந்ததை ஃபயர்வாலில் மறந்திருந்தோம். நோடுகள் (கிளஸ்டரில் ஓடும் நிரல் பிரதிகள்) ஒன்றோடொன்று சேராததால் அரைமணி நேரத்தில் அது தெரிந்துவிட்டது. அப்படி உடனே சத்தம் போடும் பிழையை நான் குறையாகவே கருதுவதில்லை.

உண்மையான தொல்லை நான்கு நாள் கழித்து வந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வள்ளியூருக்குச் சென்ற ஓர் அப்பளக் கட்டு, வாங்க வேண்டிய கடை பூட்டியிருந்ததால் திரும்பிவிட்டது. அங்கிருந்த எழுத்தர் ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்ற பொத்தானை அழுத்தியும், திரையில் ‘இறக்கப்பட்டது’ என்ற பழைய நிலையே நின்றது. அன்று திரும்பிய ஒன்பது பார்சல்களில் மூன்று மட்டுமே சரியாகப் பதிவாகியிருந்தன. நெட்வொர்க் கோளாறு என்று எண்ணி ஒரு முழு நாளை வீணாக்கினோம். அந்த மூன்று என்ற எண்ணைச் சற்றுக் கூர்ந்து பார்த்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

செய்தியை வேறு சர்வருக்கு அனுப்ப அதைப் பைட்டுகளாக மாற்றுவதே சீரியலைசேஷன். 2.6இல் ஜாவாவோடு வரும் சீரியலைசேஷன் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பையும் வேகத்தையும் கருதினால் அது சரியான முடிவே. மாற்றாக ஜாக்சன் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தும்படி செய்தி வகைகளுக்கு அடையாள இன்டர்ஃபேஸ் (அந்த வகையை ஜாக்சன் கையாளட்டும் என்று காட்டும் குறி) சேர்த்தோம். எப்போதாவது மட்டுமே ஓடும் ‘திரும்பல்’ செய்தி மட்டும் விடுபட்டது. கோரிக்கை வந்திறங்கும் சர்வரிலேயே அந்தப் பார்சலின் ஆக்டரும் இருந்தால் செய்தி நினைவகத்திலேயே கைமாறிவிடும், சீரியலைஸ் செய்யப்படுவதே இல்லை. வேறு சர்வருக்குச் செல்ல வேண்டியிருந்தால் வாசலிலேயே கைவிடப்படும். மூன்று சர்வர்கள் என்பதால் மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தது; ஒரே நோடு ஓடும் எங்கள் மடிக்கணினிகளில் எல்லாமே போய்ச் சேர்ந்தன.

பிழைச் செய்தி லாகில் (நிகழ்வுப் பதிவில்) தெளிவாகவே இருந்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. சீரியலைஸ் செய்ய முடியவில்லை என்ற வரி அனுப்பிய சர்வரில் பதிவாகியிருக்க, நாங்களோ பார்சலின் ஆக்டர் இருந்த சர்வரின் லாகையே புரட்டிக்கொண்டிருந்தோம். செய்தியை அனுப்பிய நிரல்வரிக்கும் எந்த எக்செப்ஷனும் (பிழை அறிவிப்பும்) திரும்பி வராது. இடம்பெயர்வு வழிகாட்டியிலும் இந்த மாற்றம் எழுதப்பட்டிருந்தது. மேலோட்டமாகப் படித்தது எங்கள் பிழை.

அதன் பிறகு சோதனைச் சூழலில் ‘சீரியலைஸ் மெசேஜஸ்’ அமைப்பை இயக்கி வைத்திருக்கிறோம். ஒரே நோடிலும் செய்திகளைச் சீரியலைஸ் செய்து பார்க்க வைப்பது அது. சர்வரை விட்டு வெளியே போகாத உள்ளூர்ச் செய்திகளுக்கெல்லாம் விலக்கு அளிக்க வேண்டியிருந்ததால் முதல் வாரம் சலிப்பாக இருந்தது, ஆனால் அதை நிறுத்தும் எண்ணம் ஒருநாளும் வரவில்லை. அக்கா எந்தப் பதிப்பிலும் ஒரு செய்தி அதிகபட்சம் ஒருமுறை சேரும் என்று மட்டுமே இயல்பாக உறுதியளிப்பதால், நிலைமாற்றங்களுக்கு ஒப்புகையும் மறு அனுப்புதலும், இரட்டிப்பைத் தவிர்க்க ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் சேர்த்தோம். நாளிறுதிப் பட்டியல் வளர்ந்து ஆர்ட்டரியின் 256 கிலோபைட் வரம்பைத் தாண்டியபோது, வரம்பை உயர்த்தாமல் பட்டியலைப் பிரித்து அனுப்பினோம்.

2022 செப்டம்பரில் அக்காவின் உரிமம் மாற்றப்பட்டதாக அறிவிப்பு வந்ததால், 2.6 தொடரிலிருந்து கிளைத்த அப்பாச்சி பெக்கோவின் 1.0 பதிப்பு 2023 ஜூலையில் வெளியான பிறகு அதற்கு மாறினோம். இம்முறை முதல் சோதனையே இரண்டு போர்ட்களில் இரண்டு நோடுகளாக ஓடியது. தொடங்கிய சில நொடிகளில் எங்கள் செய்தி வகைகள் அனைத்தும் சிவப்பில் விழுந்தன: எந்தச் செய்தி வகையை எது சீரியலைஸ் செய்யும் என்று கூறும் பிணைப்புகளை, அமைவுக் கோப்பில் ‘அக்கா’ என்ற பழைய முன்னொட்டின் கீழேயே விட்டிருந்தோம், பெக்கோ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.