எந்த அசெம்ப்ளர் கைகொடுக்கும்? டீபக்கர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

அசெம்ப்ளியில் எழுதியதை மெஷின் கோடாக மாற்றும் கருவிதான் அசெம்ப்ளர். அதைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது எழுதும் வசதியைத்தான். மேக்ரோ எப்படி, சிண்டாக்ஸ் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, இப்படி. ஆனால் அசெம்ப்ளியில் எழுதும் நேரம் கொஞ்சம். எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடும் நேரம்தான் அதிகம். ஆகவே இங்கே மதிப்பெண் போட்டிருப்பது ஒரே கணக்கில்: புரோகிராம் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்போது, அசெம்ப்ளர் விட்டுவைத்த தகவலை வைத்து டீபக்கரால் (புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) எவ்வளவு சொல்ல முடிகிறது?

பெங்களூருவில் இந்தக் கேள்வியோடு வருபவர்கள் இரண்டு வகை. விடியூ (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கல்லூரி லேபில் 8086-ஐ மைக்ரோசாஃப்டின் அசெம்ப்ளரான மாஸ்மில் போட்டுப் பழகிவிட்டு லினக்ஸுக்கு வரும் மாணவர்கள் ஒரு பக்கம். எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஃபர்ம்வேர் வேலையில் சேர்ந்து, ஏஆர்எம் டிஸ்அசெம்ப்ளியை (மெஷின் கோடிலிருந்து திருப்பி எடுத்த அசெம்ப்ளி) முதல் தடவையாக முறைத்துப் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சரிவராது.

லேப் மாஸ்மைப் பற்றி இரண்டு வரி போதும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓடாது. டாஸ்பாக்ஸ் வேண்டும், அல்லது இமு8086 மாதிரி எமுலேட்டர். ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) மாறுவதைக் கண்ணால் பார்க்க இமு8086 நல்லது. தேர்வு முடிந்ததும் மூடிவிடுங்கள். அங்கே மனப்பாடம் செய்த, டாஸை அழைக்கும் 21எச் இன்டரப்ட் வரிசை லினக்ஸில் எதற்கும் ஆகாது.

லினக்ஸ், எக்ஸ்86-64 என்றால் தொடங்க வேண்டியது நாஸ்ம். சைமன் டாதமும் ஜூலியன் ஹாலும் 1996-இல் வெளிக்கொண்டுவந்தது. இன்றும் பராமரிப்பு நடக்கிறது, ஆவணமும் தெளிவு. கட்டளையில் மூன்று சங்கதி விடுபடக் கூடாது: சிறிய எஃப் போட்டு 'எல்ஃப்64' (லினக்ஸின் ஃபைல் வடிவம்), அடுத்து '-ஜி', அடுத்து பெரிய எஃப் போட்டு 'ட்வார்ஃப்' (டீபக்கருக்கான தகவல் வடிவம்). முதலாவது இல்லாவிட்டால் தலைப்பில்லாத வெறும் பைனரி வெளிவரும். துண்டுகளை இணைத்துப் புரோகிராமாக்கும் லிங்கர் அதைப் பார்த்து ஃபைல் வடிவம் தெரியவில்லை, லிங்கர் ஸ்கிரிப்ட்டாக எடுத்துக்கொள்கிறேன் என்று சம்பந்தமில்லாமல் புலம்பும். மற்ற இரண்டும் இல்லாவிட்டால் லினக்ஸின் வழக்கமான டீபக்கரான ஜிடிபியில் உங்கள் சோர்ஸ் வரி தெரியாது, வெறும் டிஸ்அசெம்ப்ளிதான்.

மாஸ்மில் பழகிய கை நாஸ்மில் முதலில் சறுக்குவது சதுர அடைப்புக்குறியில். 'எண்' என்ற பெயரில் டேட்டா பகுதியில் 25 வைத்திருக்கிறீர்கள். 'மூவ் ஆர்ஏஎக்ஸ், எண்' என்று எழுதினால் மாஸ்ம் 25-ஐ எடுத்து வரும். அதே வரிக்கு நாஸ்ம் எடுத்து வருவது 'எண்' இருக்கும் முகவரியை; மதிப்பு வேண்டுமானால் [எண்] என்று அடைப்புக்குள் போட வேண்டும். எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஜிடிபியில் ஆர்ஏஎக்ஸைப் பார்த்தால் 25-க்குப் பதில் 0எக்ஸ்402000 மாதிரி உருண்டையான ஒரு ஹெக்ஸ் எண் நிற்கும். அப்படி நின்றாலே அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது என்று முடிவுகட்டலாம்.

அளவும் அப்படித்தான். 'டிடி' போட்டு நாலு பைட்டில் வைத்த எண்ணை ஆர்ஏஎக்ஸுக்குள் ஏற்றினால் நாஸ்ம் எட்டு பைட்டைச் சத்தமில்லாமல் அள்ளிவரும், பக்கத்தில் இருக்கும் மாறியும் சேர்ந்து வரும். மாஸ்மும் ஃபாஸ்மும் மாறியின் அளவை நினைவில் வைத்திருந்து அங்கேயே தடுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நாஸ்மை மன்னிப்பது கஷ்டம். ஈஏஎக்ஸில் ஏற்றிக்கொள்வதுதான் வழி. 32 பிட் ரெஜிஸ்டரில் எழுதினால் மேல் பாதி தானாகவே பூஜ்யமாகும். ஏஎக்ஸில் எழுதினால் ஆகாது, பழைய குப்பை மேலே அப்படியே இருக்கும். இன்னொரு சின்ன விஷயம்: ஒற்றை மேற்கோளுக்குள் போட்ட பேக்ஸ்லாஷ்-என் புதிய வரியாக மாறாது. பேக்டிக் போடுங்கள், அல்லது கமா வைத்து 10 என்று எழுதுங்கள்.

சி நூலகத்தோடு ஜிசிசி கம்பைலர் வழியாக லிங்க் செய்யும்போது 'ரீலொகேஷன்... பிஐஇ' என்று ஒரு நீளமான எரர் வரும். இன்றைய உபுண்டுவில் ஜிசிசி இயல்பாகவே மெமரியில் எங்கே வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய புரோகிராமைத்தான் (அதுதான் பிஐஇ) உருவாக்குகிறது. உங்கள் கோடோ நிலையான முகவரி கேட்கிறது. ஃபைலின் தலையில் 'டீஃபால்ட் ரெல்' எழுதி, முகவரி எடுக்க 'லீ' பயன்படுத்தினால் தீரும். '-நோ-பிஐஇ' போட்டும் தப்பிக்கலாம், லேப் வேலைக்கு அது போதும். கூடவே 'எக்ஸிக்யூட்டபிள் ஸ்டாக்' என்ற எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம்: லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பின் 2.39 முதல் லிங்கர் அதைச் சொல்ல ஆரம்பித்தது, '.நோட்.ஜிஎன்யூ-ஸ்டாக்' என்ற காலி செக்‌ஷனைச் சேர்த்தால் நின்றுவிடும்.

நாஸ்மின் உண்மையான பலவீனம் பேக்டிரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தோம் என்று டீபக்கர் காட்டும் பட்டியல். புள்ளி வைத்துத் தொடங்கும் உள்ளூர் லேபிளும் சிம்பல் டேபிளில் (ஃபைலுக்குள் இருக்கும் பெயர்ப் பட்டியல்) ஏறிவிடுவதால், 'கூட்டு' என்ற ஃபங்ஷனுக்குள் '.லூப்' என்ற இடத்தில் நின்றால் ஜிடிபி 'கூட்டு.லூப்' என்றொரு தனி ஃபங்ஷனில் நிற்பதாகக் காட்டும். ஸ்டாக்கை எப்படிப் பின்னோக்கிப் பிரிப்பது என்று டீபக்கருக்குச் சொல்லும் சிஎஃப்ஐ குறிப்புகளும் நாஸ்மில் இல்லை. 200 வரிப் பயிற்சிக்கு இது பொருட்டே இல்லை. பெரிய சி புரோகிராமுக்கு நடுவில் ஒரு ஃபங்ஷனை மட்டும் அசெம்ப்ளியில் எழுதியவருக்கு இது தலைவலி.

அவர் போக வேண்டிய இடம் காஸ், அதாவது பின்யூட்டில்ஸோடு வரும் ஜிஎன்யூ அசெம்ப்ளர். சிஎஃப்ஐ உண்டு. '.எல்' என்று தொடங்கும் லேபிள்கள் சிம்பல் டேபிளுக்கே போகாததால் பேக்டிரேஸ் சுத்தமாக இருக்கும்; அந்த லேபிளில் பெயர் சொல்லி பிரேக்பாயின்ட் வைக்க முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. லினக்ஸ் கெர்னலில் இருப்பதும் இதுதான். ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ், ஐஐடி மெட்ராஸின் சக்தி வரை எல்லாச் சிப்புக்கும் ஒரே கருவி. இந்த ஊர் ஃபர்ம்வேர் வேலைகளில் பெரும்பாலும் இதன் சிண்டாக்ஸ்தான் எதிரே வரும்.

எக்ஸ்86-இல் அதன் ஏடி-அண்ட்-டி சிண்டாக்ஸ் பலருக்கும் பிடிக்காது. பிடிக்காதது வேறு, ஆபத்தானது வேறு. டாலர் குறி மறந்து '60'-ஐ ஈஏஎக்ஸில் ஏற்றச் சொன்னால் அது எண் 60 அல்ல, முகவரி 60-இல் இருப்பதைப் படி என்று அர்த்தம். உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். '.இன்டெல்_சிண்டாக்ஸ் நோப்ரிஃபிக்ஸ்' போட்டால் வரிசை நாஸ்ம் மாதிரி மாறும், ஆனால் அடைப்புக்குறி விஷயத்தில் மாஸ்ம் பக்கம் சாயும்: வெறும் பெயர் மதிப்பைத்தான் தரும், முகவரிக்கு 'ஆஃப்செட்' வேண்டும். நாஸ்ம் கோடை இதில் ஒட்டிவிட்டு, அசெம்பிள் ஆகிவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. யாஸ்ம் 2014-இல் வந்த 1.3.0-வோடு நின்றுவிட்டது, பழைய ப்ராஜெக்ட்டின் மேக்ஃபைல் கேட்டால் ஒழிய வேண்டாம். ஃபாஸ்ம் அழகான வேலை. லிங்கரே இல்லாமல் நேரடியாக எல்ஃப் ஃபைல் தரும், தன்னைத் தானே அசெம்பிள் செய்துகொள்ளும், கோலிப்ரிஓஎஸ் என்ற இயங்குதளம் அதில்தான் எழுதப்பட்டது. ஆனால் ட்வார்ஃப் தகவல் தராது என்பதால் நம் கணக்கில் பின்தங்குகிறது. விண்டோஸில் சி++ ப்ராஜெக்ட்டுக்குள் அசெம்ப்ளி வேண்டும் என்றால் விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் எம்எல்64. 64 பிட்டில் அந்தக் கம்பைலர் இன்லைன் அசெம்ப்ளியை ஏற்காது, லேபில் பழகிய '.இஃப்', 'இன்வோக்' எதுவும் எம்எல்64-இல் கிடையாது. ஃபங்ஷனை அழைக்கும் முன் 32 பைட் நிழல் இடம் ஒதுக்க மறப்பதுதான் அங்கே வழக்கமான விபத்து.

இனி ஜிடிபி. 'ஸ்டார்ட்ஐ' கொடுத்தால் முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனிலேயே நிற்கும். 'லேஅவுட் ரெக்ஸ்' கொடுத்தால் மேலே ரெஜிஸ்டர்கள், கீழே கோடு. 'எஸ்ஐ' ஒவ்வொரு அடியாக, 'என்ஐ' அழைப்புகளைத் தாண்டி. லேபிளில் பிரேக்பாயின்ட் வைக்கும்போது முன்னால் நட்சத்திரக் குறி போடுங்கள்; இல்லாவிட்டால் ஜிடிபி ஃபங்ஷன் தொடக்கம் என்று நினைத்து முதல் சில இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தாண்டி நிற்கக்கூடும். மாறியை 'பி' போட்டுக் கேட்டால் வகை தெரியாது என்று மறுக்கும். 'பி (லாங்)எண்' என்று வகையைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது 'எக்ஸ்' கட்டளையில் ஆம்பர்சண்ட் சேர்த்து மெமரியாகப் பாருங்கள். ஒரு இடத்தில் யார் எழுதிக் கெடுக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் 'வாட்ச்'. எக்ஸ்86-இல் ஹார்டுவேர் உதவியோடு நான்கு இடம்வரை கண்காணிக்கலாம், வேகம் குறையாது.

அடிக்கடி வரும் நோய்களில் முதலாவது, பிரின்ட்எஃபுக்கு உள்ளே போய் விழுவது. ஜிடிபியில் 'எக்ஸ்/ஐ டாலர்-பிசி' கொடுத்து நின்ற இடத்து இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பாருங்கள்: 'மூவ்ஏபிஎஸ்' நின்றால் ஸ்டாக் அலைன்மென்ட் பிரச்சினை. 'கால்' செய்யும் நொடியில் ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) 16-ஆல் வகுபட வேண்டும், அதாவது கடைசி ஹெக்ஸ் இலக்கம் 0. 'மெயின்'-க்குள் நுழையும்போது ரிட்டர்ன் முகவரி எட்டு பைட்டைத் தின்றிருப்பதால் அது 8-இல் முடியும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் புஷ் செய்தால் சரியாகும், இரட்டைப்படையில் செய்தால் கெடும். புஷ் ஏதும் இல்லையென்றால் ஆர்எஸ்பியிலிருந்து 8 கழியுங்கள். 'என் மெஷினில் ஓடுது, அவன் மெஷினில் விழுது' என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் உங்கள் ஜிலிப்சியில் (லினக்ஸின் சி நூலகம்) அந்தப் பாதையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அழைக்கும் முன் ஏஎல்-ஐப் பூஜ்யமாக்குவதையும் மறக்க வேண்டாம், மிதவைப் புள்ளி எண் எதுவும் அனுப்பவில்லை என்றால்.

முழு எண்ணை வகுத்ததற்கு 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்' என்று வந்தால் செய்தியை நம்பாதீர்கள். 'டிவ்' ஆர்டிஎக்ஸையும் சேர்த்தே வகுக்கும். அதை முன்கூட்டியே பூஜ்யமாக்கவில்லை, ஈவு ரெஜிஸ்டருக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். லூப் எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்து நடுவில் கெர்னலை அழைக்கும் 'சிஸ்கால்' செய்தால் எண்ணிக்கை காணாமல் போகும்: அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் ஆர்சிஎக்ஸையும் ஆர்11-ஐயும் அழித்துவிடும். கெர்னலை அழைக்கப் பழைய பாடங்களில் வரும் 'இன்ட் 80எச்' 64 பிட்டிலும் ஓடுவது போலத் தோன்றும், டேட்டா முகவரி 32 பிட்டுக்குள் இருக்கும்வரை. ஸ்டாக்கில் உள்ள பஃபரைக் கொடுத்தால் முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டு, ஈஏஎக்ஸில் -14 (தவறான முகவரி என்ற எரர்) திரும்பும். சிஸ்கால் எண்களும் வேறு: ரைட் 4, எக்ஸிட் 1 என்று அங்கே; 'சிஸ்கால்' வழியில் 1, 60.

ஏஆர்எம் பக்கம் வருபவர்கள் பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்பி ரோட்டில் ஒரு ப்ளூ பில் என்ற சின்ன ஏஆர்எம் போர்டும், அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி குச்சி வடிவ எஸ்டி-லிங்க் நகலும் வாங்கினால் போதும். நாலு வயர்: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூகிளாக். போர்டுக்கும் ஜிடிபிக்கும் நடுவில் நிற்கும் ஓபன்ஓசிடி, '0எக்ஸ்2பிஏ01477' என்ற எதிர்பாராத ஐடிகோடு (சிப்பின் அடையாள எண்) என்று நின்றால் போர்டு கெட்டுவிடவில்லை, மேலே இருப்பது நகல் சிப். டார்கெட் கான்ஃபிகில் 'சிபியூடேப்பிஐடி'யை அந்த எண்ணுக்கு மாற்றினால் ஓடும். பிறகு ஜிடிபி-மல்டிஆர்ச்சை 3333 போர்ட்டில் இணைத்து 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்'. ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் ஆறுதான், சிக்கனமாக வையுங்கள்.

கீல் என்ற வேறொரு ஏஆர்எம் கருவியின் சிண்டாக்ஸில், எல்பிசி2148 சிப்புக்கு எழுதிய லேப் ரெக்கார்டை அப்படியே காஸுக்குக் கொடுத்தால் ஒரு வரியும் தேறாது. 'ஏரியா', 'எக்ஸ்போர்ட்' எல்லாம் அதற்குத் தெரியாது. அரைப்புள்ளிக்குப் பின் நீங்கள் எழுதிய குறிப்பைக்கூட அது அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று எடுத்துக்கொள்ளும், குறிப்புக்கு அங்கே '@'.

ப்ளூ பில் போர்டு எழுந்தவுடனேயே ஹார்டுஃபால்ட்டில் (பிராசசர் தொடர முடியாமல் போய் நிற்கும் பிழை நிலை) விழுந்தால் முதலில் 0எக்ஸ்08000000-இல் இரண்டு வார்த்தைகளைப் பாருங்கள். இரண்டாவது, ரீசெட் முகவரி, ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படை என்றால் லேபிளுக்கு மேலே '.தம்ப்_ஃபங்க்' விடுபட்டிருக்கிறது, ஃபால்ட் காரணத்தைக் காட்டும் ரெஜிஸ்டர் இருக்கும் 0எக்ஸ்இ000இடி28-இல் 0எக்ஸ்00020000 நிற்பதும் அதையே சொல்லும். அது சரியாக இருந்தும் விழுகிறது என்றால், ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே நிறுத்தி எஸ்பியிலிருந்து எட்டு வார்த்தைகளைக் கொட்டிப் பாருங்கள். ஏழாவது வார்த்தைதான் ஃபால்ட் வந்த நேரத்துப் பிசி, அதாவது அப்போது ஓடிக்கொண்டிருந்த இன்ஸ்ட்ரக்‌ஷனின் முகவரி. அந்த முகவரியை, டிஸ்அசெம்ப்ளி காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியின் வெளியீட்டில் தேடினால் வழுக்கிய வரி கிடைக்கும்.